மகள் காலில் விழுகிறவர்

நேபாளமும் இந்தியாவும் கிரிக்கெட் ஆடினால் தன்பகதூர் யார் பக்கம்? கும்மிடிப்பூண்டி சிப்காட் டீக்கடையில் இதைக் கேட்காத ஆளில்லை. அந்த மனுஷனோ எந்தப் பக்கம் விக்கெட் விழுந்தாலும் உச்சுக் கொட்டுவார். மீசை அரும்பும் வயதில் நேபாளத்து தைலேக் மலையிலிருந்து இங்கே கம்பி ஆலை வேலைக்கு வந்தவர். திலகவதியைக் கட்டிக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் சண்டை போடும் அளவுக்கு இந்த ஊர்க்காரராகிவிட்டார். மலைக்குப் போனால் மூன்றாம் நாளே ரசம் இல்லாமல் முகம் தொங்கிவிடும். இங்கே இருந்தாலோ சித்திரை வெயிலில் மலைக்காற்றை நினைத்துப் புலம்புவார். ரெண்டு பெண்டாட்டிக்காரன் பாடு என்று திலகவதி கிண்டலடிப்பாள்.

அதெல்லாம் கிடக்கட்டும். அக்கம்பக்கத்தாருக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது வேறொரு சங்கதியில். நவராத்திரி வந்தால் போதும், மகள் ரம்யாவை மணையில் உட்காரவைத்து, காலைக் கழுவி, அந்தப் பாதத்தில் நெற்றி பட விழுந்து கும்பிடுவார். பிள்ளை கூச்சத்தில் நெளியும். எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறக்கும். பெற்றவனே பிள்ளை காலில் விழுவதா, இதென்ன கூத்து? கேட்டால் பொறுமையாகச் சொல்வார். அவர் ஊரில் மகள் என்றால் தேவி. தகப்பன்தான் அவள் காலைத் தொட வேண்டும். அவள் தகப்பன் காலைத் தொட்டால் மகா பாவம். பிறந்தநாளன்று ரம்யா குனிந்தாளென்றால் மனுஷன் வாசலைத் தாண்டி ஓடிவிடுவார்.

அந்த ரம்யாவுக்கு வேப்பம்பட்டு அன்புசெல்வனோடு நிச்சயதார்த்தம் நடந்தது. ஜோடியாகக் காலில் விழ வந்தார்கள். பழக்கதோஷம், தன்பகதூர் பின்னால் துள்ளிக் குதித்ததில் தாம்பூலத் தட்டு கவிழ்ந்து பாக்கு உருண்டது. மாப்பிள்ளையின் அம்மா சந்திரகலாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எவ்வளவு விளக்கியும் ஏறவில்லை.

"எந்த ஊர்லயாவது பெத்தவரு பொண்ணு கால்ல உழுவாரா சம்பந்தி? தாலி கட்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கால்ல உழறப்ப நீங்க ஓடாம நின்னு ஆசீர்வாதம் பண்ணணும். இல்லன்னா இந்தக் கல்யாணம் வோணாம்."

அவளைக் குறை சொல்லவும் முடியாது. புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாய் வளர்த்த பிள்ளை. எந்தக் குறையும் அவனை அண்டிவிடக் கூடாதென்ற பயம் அவளுக்கு.

தன்பகதூருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கல்யாணம் நின்றுபோவதா, தேவியைக் காலில் விழவைத்த பாவியாவதா? கடைசியில் தைலேக்கில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று மட்டும் கேட்டார். உன்னைத்தான், அவளை இல்லை என்றாள் அக்கா. அட, இவ்வளவுதானா! அன்றைக்கு ரசத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். எடுத்த முடிவை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கல்யாணத்தன்று பட்டு வேட்டியும் நேபாளத் தொப்பியுமாக மேடையில் நின்றார். எங்கே ஓடிவிடுவாரோ என்று திலகவதி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் அசையவே இல்லை. மாப்பிள்ளை அவர் காலில் விழுந்து எழுந்தான். ரம்யா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் உழ மாட்டேன் அத்த. அன்னிக்கு போன்ல பேசுனது எனுக்கும் கேட்டுச்சு, எங்க நைனாவுக்குத்தான் பாவம் வருமாம்."

சந்திரகலா விறுவிறுவென்று மேடையேறி வந்தாள். தன்பகதூரோ மகள் பக்கம் திரும்பினார். தைலேக்கை ஒரே ஒருமுறை பார்த்த பெண், குளிர் தாங்காமல் அழுத பெண், அந்த மலைக்காக இங்கே தன் கல்யாணத்தையே பணயம் வைத்துக்கொண்டு நிற்கிறாளா? பெருமையும் கலக்கமும் ஒன்றாக வந்து அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உழு கண்ணு," என்றார். "எங்க ஊரு பாவத்த நான் பாத்துக்குறேன். உனுக்கு இந்த ஊரு ஆசீர்வாதம் வோணும். எனுக்கும் இதான ஊரு."

அவள் விழுந்தாள். விரல்கள் பாதத்தில் பட்டபோது அவர் கால் தானாகப் பின்னால் போகப் பார்த்தது. ஆனாலும் காலை இழுக்கவில்லை. அட்சதை தூவி, உச்சியில் கைவைத்து, நல்லா இரு என்று தமிழிலேயே வாழ்த்தினார்.

அவள் எழுந்ததும் அவர் மண்டியிட்டார். கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. கனத்த கல்யாணப் பட்டு தரைவரை வழிந்து பாதங்களை மூடியிருந்தது. சம்பந்தியம்மா என்ன சொல்வாளோ என்று அவர் பாதி குனிந்தபடியே தயங்கினார்.

சந்திரகலா அவரருகே வந்தாள். பிறகு தானும் குனிந்து, மருமகளின் புடவைக் கரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.