மனைவிக்குக் கிடைத்த பூர்வீகம்

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குன்னூர் வந்திருந்தபோது ஒரு படம் போட்டாள். வெளிநாட்டுக் காமெடிப் படம். பன்றி இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒருவன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் அம்மா இறந்த பிறகு அவள் ஒரு யூதப் பெண் என்று தெரியவருகிறது. அம்மா யூதர் என்றால் பிள்ளையும் யூதர்தானாம். பகலெல்லாம் தொத்திறைச்சி விற்றுவிட்டு, சாயங்காலம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு யூத வேதம் படிக்கப் போவான். வாடிக்கையாளர்களுக்கும் தெரியக்கூடாது, வேதம் சொல்லித் தருகிறவருக்கும் தெரியக்கூடாது. நாங்கள் மூவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாதிப் படத்தில் மனைவி, பால்காரர் வரவில்லை என்று சொல்வதுபோல, "எங்கம்மாவோட அப்பாவும் யூதர்தானுங்க" என்றாள்.

மகள் படத்தை நிறுத்திவிட்டாள்.

மாமியாரின் அப்பா கொச்சிக்காரர். தேயிலைக் கம்பெனியில் கணக்கு வேலைக்காகக் குன்னூர் வந்தவர், இங்கேயே ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானமும் வாங்கிவிட்டார். கொச்சியில் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். பிற்பாடு அவருடைய தம்பி குடும்பம் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. மனைவிக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதிலென்ன இருக்கிறது, சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்றாள்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இரண்டு அரசாங்கங்களும் பேசிவைத்து இந்தியாவுக்கு அனுப்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சிறு பிள்ளையாகக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் கிடையாது, 'சிலோன்' என்பார்கள். பிறகு கூடலூரில் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து, அங்கிருந்து குன்னூரில் தேயிலை ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்பும் அலுவலகத்துக்கு வந்தேன். எங்கள் வீட்டாரும் கிறிஸ்தவர்கள்தான். அதனால் சர்ச் மூலமாக இவளைப் பெண் கேட்டோம். அப்போது என் மாமியார் நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது:

"பையன் தங்கமான பையன்தானுங்க. ஆனா கண்டிச் சீமை ஆளுக. அவங்க பூர்வீகத்தை எங்க போய் விசாரிக்கிறது?"

தன் அப்பாவின் பூர்வீகத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் அப்படிக் கேட்டிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாரிடம் சண்டை போடுவது?

மறுநாளே மகள் அம்மாவின் பழைய புகைப்படம் ஒன்றைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். 'என் அம்மா பாதி கொச்சி யூதர்' என்று எழுதியிருந்தாள். பாதி இல்லை, கால் பங்குதான் என்று நான் திருத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. இத்தனை வருடத்தில் என் அப்பாவின் படத்தை அவள் ஒரு தடவையும் வைத்ததில்லை. கேட்டிருந்தால், "என்னப்பா போடறது, எஸ்டேட்ல இருந்தாங்கன்னா?" என்றிருப்பாள்.

சர்ச்சில் விஷயம் பரவியது. ஆராதனை முடிந்ததும் மனைவியைச் சுற்றிக் கூட்டம். இயேசு பிறந்த குலம் என்று ஒரு டீச்சர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆயர் பிரசங்கத்தில் ஆபிரகாமைப் பற்றிப் பேசும்போது எங்கள் பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். நான் சால்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் முன்னோர் கடல் தாண்டி வந்தவர்கள் என்றால், நானும்தான் கடல் தாண்டி வந்தேன். என்னை எவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை.

அவளும் மாறினாள். பன்றிக்கறி வீட்டுக்குள் வரக்கூடாது என்றாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒருநாள் அவள் அதை ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் படத்துல சொன்ன கணக்குப்படி அம்மா வழியிலதான் வரும். உங்கம்மாவுக்கு அப்பாதானே யூதர்? அப்ப நீ யூதச்சி இல்ல" என்றேன். அவள் தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு, "உங்களுக்கு என்னங்க எரியுது?" என்று கேட்டாள். அவள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள்.

மகள் சும்மா இருக்கவில்லை. கொச்சியிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் விசாரித்து விசாரித்து, கொச்சித் தாத்தாவுடைய தம்பியின் பேத்தியைக் கண்டுபிடித்துவிட்டாள். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. கொச்சி பார்க்க வருவதாகவும் அப்படியே குன்னூருக்கும் வருவதாகவும் எழுதினார். மனைவி வீட்டுக்கு வெள்ளையடித்தாள். புதுப் பாத்திரங்கள் வாங்கினாள். முன்னறையில் இருந்த என் பெற்றோரின் படம் 'கொஞ்சம் பூத்துப்போச்சு' என்று உள்ளறைக்குப் போனது.

அந்த அம்மா வந்து இறங்கியபோது அவர் மனைவியின் சாயலில் இருந்தார் என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதே நெற்றி, அதே முன்கோபக்கார மூக்கு. இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் மனைவியின் தாத்தாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மனைவி ரோஜா மாலை எடுத்து வந்திருந்தாள். வந்தவர் கீழே குனிந்து ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்துச் சமாதியின்மேல் வைத்தார். அவர்கள் வழக்கம் அது. மனைவி அவசரமாக மாலையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஒரு கல்லைத் தேடினாள்.

சாயங்காலம் மனைவி பெருமையோடு அதே படத்தைப் போட்டாள். எங்களைச் சிரிக்கவைத்த இடங்களில் வந்தவர் சிரிக்கவில்லை. படம் முடியும் தறுவாயில் ஒரு காட்சி. கறிக்கடைக்காரன் தன்னை யூதனாகப் பதிந்துகொள்ள ஒரு அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறான். உன் அம்மா யூதர் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்கிறார் அதிகாரி. கொண்டுவந்து நீட்டினால், அவர்தான் உன் அம்மா என்பதற்கு அத்தாட்சி எங்கே என்கிறார். அந்த இடத்தில் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் கல்லுப் பாதையில் ஜீப் போவதுபோல விட்டுவிட்டு வரும். தன் அம்மா வீட்டில் பேசக் கேட்டுப் பழகிய மலையாளம் மட்டும் சரளம். கூடலூர் ஃபேக்டரியில் நான் பழகிய மலையாளம் அன்றைக்குத்தான் உதவியது. எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டார். நாங்களும் முகாமில் இப்படி வரிசையில் நின்றவர்கள்தான் என்றேன். உடனே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"நிங்ஙள் ஏது கேம்பிலா தாமசிச்சது?"

எந்த முகாமில் இருந்தீர்கள் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மண்டபத்தைச் சொன்னேன். மணல், வெயில், வாளி வரிசை, டாக்டர் எங்கள் கண் இமையைப் பிரித்துப் பார்த்தது எல்லாம் சொன்னேன். அவர் தன் அம்மாவின் கதையைச் சொன்னார். கொச்சியில் வீட்டை விற்றுப் பெட்டி கட்டிய பிறகு, உங்கள் ஊரில் யானைக்கால் நோய் இருக்கிறது, ரத்தம் சோதிக்கவேண்டும் என்று தடுத்துவிட்டார்களாம். வெகுநாள் காத்திருந்து போய்ச் சேர்ந்தால் அங்கே பாலைவனத்து ஓரம். மிளகும் மீனும் அறிந்தவர்களைக் கோழி வளர்க்கச் சொன்னார்களாம். நீங்கள் நிஜமான யூதர்தானா என்று அங்கேயும் கேட்டவர்கள் உண்டாம்.

மனைவி நடுநடுவே, "என்னங்க சொல்றாங்க?" என்றாள். சொன்னேன். ஆனால் சுருக்கிச் சொன்னேன்.

மறுநாள் பைக்காராவுக்குப் படகுச் சவாரி ஏற்பாடு செய்திருந்தாள் மனைவி. வந்தவர் படகு வேண்டாம், உங்கள் அக்காவைப் பார்க்கவேண்டும் என்றார். முகாமை என்னைவிட அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முதல்நாள் சொல்லியிருந்தேன். ஆகவே கட்டபெட்டுக்குக் காரில் கிளம்பினோம். வளைவுகளில் தலை சுற்றுகிறது என்று அந்த அம்மா முன்சீட்டுக்கு வந்தார். நான்தான் ஓட்டினேன். வழி நெடுகப் பேசிக்கொண்டே போனோம். பின்சீட்டில் மனைவி, ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அக்கா, வெளிநாட்டு விருந்தாளி என்றதும் முதலில் கதவோரமே நின்றாள். கப்பலில் என்ன சாமான் கொண்டுவந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டதும் ஆரம்பித்துவிட்டாள்.

"நாங்க சாமான் கட்டுன நேரம் அம்மா அம்மியத் தூக்கிட்டு வந்துட்டாங்க. கப்பல்ல அப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு. இந்தியாவுல கல்லு இல்லியான்னு."

நான் மலையாளத்தில் சொன்னேன். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் அம்மா ஆப்பச்சட்டியைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு விமானத்தில் போனாராம். பாலைவனத்தில் தேங்காய் கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லையாம். அக்கா சிரித்தபடியே அவர் தொடையில் தட்டினாள். பிறகு தேங்காய்ச் சம்பல் அரைத்து ரொட்டி சுட்டுப் போட்டாள். மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் எப்போது திரும்பி அவளுக்குச் சொல்வேன் என்று பார்த்திருந்தாள். இத்தனை மாதமாக என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது அப்போது அவள் முகத்தில் தெரிந்தது. அன்று அந்த ரொட்டி எனக்கு ருசித்ததுபோல எதுவும் ருசித்ததில்லை. அவளுக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

வீடு திரும்பியபின் சமையலறையில் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க, அவங்க எனக்குச் சொந்தம். உங்களுக்கு இல்ல."

தெரியும் என்றேன்.

அந்த அம்மா ஊர் போய்ச் சேர்ந்த பிறகு என் போனுக்குத்தான் குரல் செய்திகள் வந்தன. மலையாளத்தில், நீளநீளமாக. பேரப்பிள்ளைகளைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி, அங்கே சைரன் ஒலிக்கும் நாட்களைப் பற்றி. அலுவலகத்தில் சாம்பிள் பாக்கெட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்பேன். வீட்டில் மனைவிக்குப் பாதியைச் சொல்வேன்.

அவள், பள்ளியில் தன்னோடு வேலை பார்க்கும் கூடலூர் டீச்சரிடம் மலையாளம் கற்க ஆரம்பித்தாள். நான் ஃபேக்டரியில் வருடக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்ததை இவள் ஒரு மழைக்காலத்துக்குள் பிடித்துவிட்டாள். எழுதவும் வருகிறது, எனக்கு எழுத வராது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் வீடியோவில் நேராகவே பேசிக்கொள்கிறார்கள். போனவாரம் அந்த அம்மா ஏதோ சொல்ல, மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் டீ டம்ளரோடு கதவருகில் நின்று, என்ன என்று கேட்டேன்.

"அப்புறம் சொல்றேனுங்க" என்று போனைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் சொல்லவில்லை.