லாகு பாயும் ஒரு குங்குமப் பொட்டும்

எங்க ஆபீஸ்ல தவ்ஃபீக்க எல்லாரும் லாகு பாய்னுதான் கூப்புடுவோம். பேரு வெச்சது நான்தான், என் வாய் அப்டி. திருவொத்தியூர்ல கண்டெய்னர் அடுக்குற யார்டு எங்களுது. நான் அம்மு, கேட்ல வர்ற வண்டி போற வண்டி அல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறவ. அந்தக் கம்ப்யூட்டருங்களுக்கெல்லாம் தாய்ப்பொட்டியா ஒரு செர்வர் கீது. அத்த கட்டி மேய்க்கிறவன் அவன்.

காலைல வந்தா மத்தவங்க டீ குடிப்பாங்க, கதை பேசுவாங்க. இவன் லாகு படிப்பான். செர்வர் உள்ள கீற நாலு ஹார்ட் டிஸ்க்குக்கும் இன்னா நோவுன்னு அதுவே வரிவரியா எழுதி வெக்கும். எந்த டிஸ்க் படிக்க முடியாம தெணறுச்சு, எத்தினி மணிக்கு, எத்தினி தபான்னு. அதுக்குப் பேருதான் லாகு. வேற ஆளா இருந்தா தொறந்துகூட பாக்க மாட்டான். இவன் ஒரு வரி உடமாட்டான். செத்த டிஸ்க்கக்கூட தூக்கிப் போடாம, செத்த தேதிய மேல எழுதி பிஸ்கட் டின்ல வெச்சிருப்பான்.

"லாகு பொய் சொல்லாது அம்மு. மனுசன்தான் கூட்டிக் கொறச்சி சொல்லுவான்"னுவான்.

"அப்ப அதையே கட்டிகினு இருக்கலாமே, எதுக்கு ரூஹிய கட்டிகின?"னு கேப்பேன். சிரிப்பான். கோவமே வராது அந்தாளுக்கு. எனக்கு அதுவே காண்டாவும்.

போன ஆயுத பூஜைக்கு பச்சையம்மா தட்டோட கெளம்பிச்சி. யார்டு பெருக்கறது, ஆபீஸ் தொடைக்கறது எல்லாம் அதுதான், கான்ட்ராக்ட் ஆளு. கிரேனுக்குப் பொட்டு, லாரிய எட போடுற மேடைக்குப் பொட்டு, என் பிரிண்டருக்குக்கூட பொட்டு. கடைசியா செர்வர் ரூம் வாசல்ல நின்னுச்சி.

"உன் பொட்டிக்கு மட்டும் சாமி வேணாமா நைனா?"

"வெய்யிம்மா. தண்ணி மட்டும் தெளிக்காத"ன்னு சொல்லி, லாகு பாய் ஒயருங்கள ஒதுக்கிப் புடிச்சிகினான். அது உள்ள கைய உட்டு, மொதோ டிஸ்க் நெத்தியில பெருசா ஒரு குங்குமப் பொட்டு வெச்சிது. நான் பின்னாடி நின்னுகினு பொரி துன்னுகினு இருந்தேன். டிஸ்க்குக்கு நெத்தி எதுன்னா, சின்னதா வெள்ளை லைட்டு எரியற எடம். அது மேலயே வெச்சிட்ச்சி.

பதினோராம் நாளு மத்தியானம் மூணாவது டிஸ்க் பூட்ச்சி. லாகு பாய் அப்ப ராயபுரத்துல ஆஸ்பத்திரில கீறான். ரூஹிக்கு வலி எடுத்துட்ச்சி. போன்லயே லாக பாத்துட்டு எனக்கு அடிச்சான். மறுநாள் காட்டுப்பள்ளி ஹார்பருக்குக் கப்பல் வருது, வண்டி குவிஞ்சிடும், இன்னிக்கே டிஸ்க்க மாத்தியாவணும். நாலுல ஒண்ணு பூட்டா மத்த மூணும் தாங்கும், ரெண்டு பூட்டா எல்லாம் காலி.

"மூணாவது டிஸ்க்க உருவிட்டு புதுச சொருவு. செவப்பு லைட்டு எரியும் பாரு."

பாத்தேன். மூணாவதுல லைட்டே இல்ல. மொதோ டிஸ்க்லதான் செவப்பா மினுக்குனு எரியுது. "மொதல்லதுதான் எரியுது பாய்."

"லாகுல மூணுன்னு கீது. கண்ணால பாக்குறியா?"

"பின்ன மூக்காலயா பாப்பாங்க?"

அந்தப் பக்கம் யாரோ கத்துறாங்க, நர்சு கூப்புடுது. "சரி, உருவு"ன்னான். உருவிட்டேன். அடுத்த நிமிசம் ஆபீஸ்ல அத்தினி ஸ்கிரீனும் நின்னு போச்சு. கையில கீற டிஸ்க்க பாத்தேன். விரல்ல குங்குமம். அடிப்பாவி, எரிஞ்சது வெள்ளை லைட்டு, குங்குமத்து வழியா செவப்பா தெரிஞ்சிருக்கு!

ஆட்டோ புடிச்சி ஓடியாந்தான். ஒரு வார்த்த திட்டல. ஒம்போது மணி நேரம் அந்த ரூம்ல குந்திகினு, நான் உருவுன டிஸ்க்க திரும்ப சேத்து, ஒரு பதிவுகூட போவாம மீட்டான். நடுவுல போன் வந்துச்சி. பொண்ணு பொறந்துட்ச்சின்னு. "மாஷா அல்லா"ன்னு சொல்லிட்டு மறுபடி ஸ்கிரீன பாத்தான். மொதோ கொழந்தைய அவன் பாக்காம போனது என்னால.

மறுநாள் மேனேஜர் ரவிக்குமார் சார் குதிச்சாரு. "பொட்டு வெச்ச அந்தம்மாவ நிறுத்திடலாம். யாரால ஆச்சின்னு ரிப்போர்ட்ல எழுதிக் குடு."

நான் லாகு பாய்கிட்ட போய் கத்துனேன். "உருவுனது நான். என் பேரப் போடு. அதுக்கு அம்பத்தாறு வயசாவுது, இங்க தொரத்துனா வேற எவனும் வேல குடுக்க மாட்டான்."

"இரு, எழுதிகினு கீறேன்"னான், அவ்ளோதான்.

பச்சையம்மா தொடப்பத்தோட வெளிய நின்னுச்சி. "அந்தப் புள்ள பொய் எழுதாது அம்மு. அதான் பயமா கீது"ன்னுச்சி. எனக்கும் அதே பயம்தான்.

சாயங்காலம் ரிப்போர்ட்ட படிச்சிட்டு சார் ரூம்ல ஒரே சத்தம். "நாங்கள்னா யாரு? ஆளு பேரச் சொல்லு!" அதுக்கு லாகு பாய் மெதுவா, "ஒயர ஒதுக்கிப் புடிச்சவன் நான் சார். நான் புடிக்கலன்னா அவங்க கை எட்டியிருக்காது"ன்னான். சார் முணுமுணுத்துகினே கையெழுத்து போட்டாரு. எச்சரிக்கைக் கடுதாசி லாகு பாய் பேருக்குதான் வந்துச்சி. அத்த மடிச்சி பிஸ்கட் டின்ல போட்டுட்டு, கொழந்தைய பாக்க ஓடினான்.

ரிப்போர்ட்டு என் டேபிளுக்கு ஃபைல் பண்ண வந்துச்சி. பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதிகீது, படி"ன்னுச்சி. படிச்சேன்.

"மூன்றாவது டிஸ்க் பழுது என்று லாக் சரியாகச் சொன்னது. லாகை விட்டுவிட்டு முதல் டிஸ்க்கை எடுக்கச் சொன்னவன் நான். அதன் விளக்கின் மேல் ஆயுத பூஜையன்று நாங்கள் வைத்த குங்குமம் இருந்தது. அன்றே பார்த்தேன். துடைக்க மனம் வரவில்லை."

"என் பேரு எங்க?"

"உன் பேரே இல்ல."

"அப்ப பொட்டு யாரு வெச்சான்னு போட்டுகீது?"

"நாங்கள்னு போட்டுகீறான்."

முந்தானையால மூஞ்சத் தொடச்சிகிச்சி. அப்பால என் பக்கத்துல ஸ்டூல இழுத்துப் போட்டு குந்திச்சி.

"அந்த ஒரு வரிய மட்டும் இன்னொரு தபா படி"ன்னுச்சி.