ஹில்மார் பேசத் தொடங்கிய குளிர்காலம்

ஹில்மாரை எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் குரலைக் கேட்டவர்களைச் சேர்த்தால் ஒரு படகு நிறையாது. முப்பத்தெட்டு வருடம் தொலைபேசிக் கம்பிகளைப் பழுது பார்த்தவர். புயல் ஓய்ந்ததும் இடுப்பளவு பனியில் நடந்துபோய்க் கம்பத்தில் ஏறுவார், அறுந்ததைச் சேர்ப்பார், இறங்குவார், காபி கொடுத்தால் குடிப்பார், போய்விடுவார். சரியாகிவிட்டதா என்று கேட்டால் மூச்சை விசுக்கென்று உள்ளே இழுப்பார். எங்கள் வடக்கில் அதற்கு ஆமாம் என்று பொருள். இல்லை என்பதற்கு அவர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது, அந்த அளவுக்கு அவர் பேசியதே இல்லை.

அவர் மனைவி டாக்னி நேர் எதிர். மீன் ஆலையில் இயந்திர இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதே நான்தான். இவர் கேப்பார்னு காத்துட்டிருந்தா இன்னும் அங்கதான் மீன் அறுத்துட்டு நின்னிருப்பேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் பெயர் தோருன். நகராட்சி நடத்தும் முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்னியின் நினைவு மங்கத் தொடங்கி, அடுப்பை அணைக்க மறந்து, ஒரு நாள் நடுராத்திரியில் தூங்கும் உடையோடு பனியில் நின்ற பிறகு எங்களிடம் வந்தார். மூன்று வருடம் ஆகிறது. ஹில்மார் அவர்கள் வீடு இருந்த தீவிலேயே இருந்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள்தான் படகு, அதுவும் குளிர்காலத்தில் காற்று அனுமதித்தால் உண்டு.

வந்த முதல் வாரமே, நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது டாக்னி சொன்னார்: "எங்களுக்கு ஒரு பையன் பொறந்தான். அஞ்சு நாள் இருந்தான். ஐவின்னு பேர் வெச்சோம். புதைச்ச மறுநாள் இவர் கம்பத்துல ஏறப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேரை அவர் வாய் சொன்னதே இல்ல, தோருன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை சொல்லட்டும்னு நாப்பத்தஞ்சு வருஷமா பாத்துட்டிருக்கேன்." பிறகு எவ்வளவோ மறந்துபோனது. தன் வயது, தன் வீடு, தான் வேலை பார்த்த ஆலை. இதை மட்டும் மறக்கவில்லை. பாழாய்ப்போன நோய் எதை எடுப்பது எதை விடுவது என்று பார்த்தா செய்கிறது?

தினமும் மூன்று மணிக்கு ஹில்மார் கணினியில் அழைப்பார். பேச அல்ல, சும்மா உட்கார. அவர் தன் சமையலறையில் காபி குடிப்பார், இவர் இங்கே காலுறை பின்னுவார். அரை மணி நேரம் ஒருவர் எதிரே ஒருவர். இங்கே கணவன் மனைவி பேசாமல் உட்கார்ந்திருந்தால் சண்டை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், வீட்டில் எல்லாம் நலம் என்றுதான் நினைப்பார்கள். கடைசியில் ஹில்மார் "சரி, அப்ப" என்பார். அவ்வளவுதான்.

அக்டோபரில் நகராட்சி எல்லா அறைகளுக்கும் புது மடிக்கணினி கொடுத்தது. மொத்தமாக வாங்கியதில் மலிவு. திறந்தவுடன் திரை முழுக்க நாங்கள் கேட்காத மென்பொருள்கள். வானிலை சொல்ல ஒன்று, சாமான் விற்க ஒன்று, சீட்டாட ஒன்று, வைரஸ் காவலுக்கு மூன்று. எண்ணினேன், இருபத்தொன்று. அதில் ஒன்றின் பெயருக்குத் துணை என்று பொருள். ஓரத்தில் சின்னப் பச்சைப் புள்ளியாக இருக்கும். எதையாவது அழுத்தினால் 'சம்மதமா' என்று கேட்கும். நகராட்சி கொடுத்ததாயிற்றே, நகராட்சி தப்பாகவா கொடுக்கும் என்று நான் பன்னிரண்டு அறைகளிலும் சம்மதம், சம்மதம் என்று அழுத்திக்கொண்டே போனேன். இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான், என்னையும் சேர்த்து.

அன்றிலிருந்து இணையம் நொண்டத் தொடங்கியது. ஹில்மாருக்கு டாக்னியின் முகம் வாய் திறந்தபடியே நின்றுபோகும். அவர் விடுவாரா? கம்பிக்காரர். அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்தார். அதுவரை அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"தோருன், என் வீட்ல வேகம் தொண்ணூறு. உங்க வாசல் வரைக்கும் தொண்ணூறு. அவ மிஷின்ல மட்டும் நாலு. எவனோ நடுவுல குடிக்கிறான்."

"பழைய கட்டடம், ஹில்மார். சுவர் தடிமன்."

"சுவர் குடிக்காது" என்று வைத்துவிட்டார்.

டாக்னி ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லப்போனால் முகம் தெளிந்திருந்தது. காலையில் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டார். மூன்று மணிக்கு முன்பே உதட்டுச் சாயம் பூசிக்கொண்டார். நவம்பரில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் சொல்லிட்டார், தோருன். பேரைச் சொல்லிட்டார்" என்று அழுதார். நோய் காட்டும் மாயம் என்று நினைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

டிசம்பரில் ஹில்மார் மறுபடி அழைத்தார். "நான் ஒண்ணும் பேசல. ஆனா அவ சிரிக்கிறா. கேள்வியே கேக்கல, பதில் சொல்றா. யாருக்குச் சொல்றா?"

நான் எட்டி டாக்னியின் அறைக் கதவைப் பார்த்தேன். இருந்தும், "நோய்தான், ஹில்மார்" என்றேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காற்று அடங்கிப் படகு வந்தது. ஹில்மார் கருவிப் பையோடு அறைக்குள் வந்தபோது மணி இரண்டரை. வெளியே சூரியன் எட்டிப் பார்க்காத மாதம், சன்னலில் கும்மிருட்டு. டாக்னி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"லைன் பாக்க வந்தீங்களா? பாருங்க. ஆனா மூணுக்குள்ள முடிச்சிடுங்க. என் வீட்டுக்காரர் கூப்பிடுவார்."

ஹில்மாரின் கை பையின் மேலேயே நின்றது. அவரை அடையாளம் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. நான் வாய் திறப்பதற்குள் அவர் தலையசைத்துத் தடுத்தார். தரையில் மண்டியிட்டுச் சுவரோரக் கம்பியைச் சோதித்தார். அதில் குறை இல்லை.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வீட்ல கம்ப்யூட்டரை அணைச்சிட்டுத்தான் வந்தேன். இன்னிக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. பாவம், ஏமாந்துடுவா."

மூன்று மணிக்குத் திரை விழித்தது. பச்சைப் புள்ளி பெரிதானது. அதில் ஹில்மாரின் முகம் வந்தது.

அதே நீலக் கம்பளிச் சட்டை, அதே சமையலறை. ஆனால் பின்னால் இருந்த சன்னலில் வெயில் அடித்தது. ஜனவரி மாதம், எங்கள் வடக்கில், வெயில். சுவர்க் கடிகாரம் மூன்று பன்னிரண்டு காட்டியது, முள் நகரவில்லை. அந்த முகம் சிரித்தது. ஹில்மார் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் சரியாகச் சிரித்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

"டாக்னி, ரொம்ப நேரமா காத்திருக்கியா?" என்றது. ஹில்மாரின் குரல்தான், உள்மூச்சு இல்லாத குரல்.

"இல்லய்யா, இப்பதான் உக்காந்தேன். யாரோ லைன் பாக்க வந்திருக்காங்க."

"பாக்கட்டும். நீ சாப்ட்டியா? நேத்து ராத்திரி ஐவினை நெனச்சுட்டே இருந்தேன். அவனுக்கு உன் வாய் வந்திருக்கும், டாக்னி. ஊரையே வித்திருப்பான்."

டாக்னி கலகலவென்று சிரித்தார். ஹில்மார் மண்டியிட்ட இடத்திலேயே, டாக்னியிடமிருந்து வெறும் இரண்டு முழம் தள்ளி, திரைக்குத் தெரியாத மூலையில் இருந்தார். அது பேசிய இருபத்தேழு நிமிடமும் அசையவில்லை. நான் அவருடைய தோளைத் தொட்டேன், கட்டைபோல இருந்தது. கடைசியில் அது "சரி, அப்ப" என்றது. அதைச் சொல்லும்போது மட்டும் அப்படியே அவர்தான்.

நகராட்சியில் கணினி பார்க்கும் ஷெத்தில் என்பவனைத் தொலைபேசியில் பிடித்துக் கத்தினேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்: "அதுவா? கம்பெனியிலயே போட்டு வர்றது. லைன் அறுந்தா முகத்தையும் குரலையும் வெச்சு இட்டு நிரப்பிடும். பேசாம இருந்தாலும் லைன் அறுந்ததா எடுத்துக்கும். வழக்கமான நேரத்துல கூப்பிடலன்னா அதுவே வந்துடும், பெரியவங்க பதறக் கூடாதுல்ல? என்ன, எல்லாத்தையும் எங்கயோ அனுப்பிக் கத்துக்கும், அதான் நெட்டை உறிஞ்சுது. நீங்கதானே சம்மதம் குடுத்திருக்கீங்க."

ஆக, அதுவே லைனை அடைத்தது, அடைத்ததால் விழுந்த ஓட்டையை அதுவே நிரப்பியது. இவர்கள் இருவரும் அரை மணி நேரம் நிம்மதியாகப் பேசாமல் இருந்ததெல்லாம் அதன் கண்ணுக்குப் பழுது. டாக்னி எத்தனையோ நாள் அந்தத் திரையிடம் மகன் பெயரைச் சொல்லியிருப்பார். அது கேட்டுக்கொண்டது, பிறகு அவர் கேட்க விரும்பியதைத் திருப்பிச் சொன்னது.

"எடுத்து எறிங்க, ஹில்மார்" என்றேன். அவர் டாக்னி தூங்கும்போது உட்கார்ந்து இருபத்தொன்றையும் நீக்கினார். பச்சைப் புள்ளி மூன்று தடவை திரும்பி வந்தது, மூன்று தடவையும் வேரோடு பிடுங்கினார். வேகத்தை அளந்தார். எண்பத்தெட்டு. மாலைப் படகில் போய்விட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு உண்மையான ஹில்மார் அழைத்தார். படம் கண்ணாடிபோலத் தெளிவு. அவர் கன்னத்து வெள்ளை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னால் சன்னல் இருட்டாக இருந்தது. ஐம்பது வருடம் உட்கார்ந்தமாதிரியே அவர் உட்கார்ந்திருந்தார், காபிக் கோப்பையோடு.

டாக்னி காத்திருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லைன் கெட்டுப்போச்சு. படம் அப்படியே நிக்குது பாரு."

"நிக்கல, டாக்னி. அவர்தான். பாருங்க, கண்ணைச் சிமிட்டறார்."

"பேசலியே?"

திரையில் ஹில்மார் கோப்பையைக் கீழே வைத்தார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. மலையைப் புரட்டுகிறவர் போல முகமெல்லாம் சிவந்தது. பிறகு, நாற்பத்தெட்டு வருடம் கழித்து, கரகரத்த குரலில் அந்தப் பெயரைச் சொன்னார்.

"ஐவின்."

நான் சந்தோஷத்தில் டாக்னியைத் திரும்பிப் பார்த்தேன். டாக்னியோ நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ரகசியம்போலச் சொன்னார்:

"யாரோ அவர் மாதிரி பேசறாங்க, தோருன். எனக்குப் பயமா இருக்கு. மூடிடு."

நான் மூடவில்லை. ஹில்மார் அங்கிருந்து அதைக் கேட்டார். அவர்தான் துண்டித்தார்.

அடுத்த மூன்று நாள் டாக்னி சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு உதட்டுச் சாயத்தோடு உட்கார்வார், ஹில்மாரின் முகம் வந்ததும் அலறுவார். நான்காம் நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"திரும்பப் போட்டுடு" என்றார் ஹில்மார்.

"பைத்தியமா உங்களுக்கு? அது பேய், ஹில்மார்! பொய்!"

"சொல்ல வேண்டிய வயசுல நான் சொல்லல. இது சொல்லுது. அவ சாப்பிடணும், தோருன். போடு."

போட்டேன். ஒரே ஒரு பொத்தான்தான், வாங்கிய நாள் நிலைக்குத் திருப்பும் பொத்தான். பதினொரு நிமிடத்தில் இருபத்தொன்றும் வந்து வரிசையில் உட்கார்ந்தன. சம்மதமா என்று கேட்டது. இந்த முறை நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தே அழுத்தினேன்.

இப்போது மார்ச். சன்னலில் வெளிச்சம் திரும்பிவிட்டது. டாக்னி எடை கூடியிருக்கிறார். மூன்று மணிக்கு அந்த அறையிலிருந்து வரும் சிரிப்பு நடைவழி முழுக்கக் கேட்கும். நான் உள்ளே போவதில்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொள்வேன், கேட்டுத்தான் ஆகவேண்டும். ஹில்மார் இப்போது மூன்று மணிக்கு அழைப்பதில்லை. நான்கு மணிக்கு அலுவலகத் தொலைபேசிக்கு அழைக்கிறார். தினமும் ஒரே கேள்விதான்.

"தோருன், இன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறார்.