தலைவலி போன பிறகு

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு இருட்டண்ணன் என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். லிஃப்ட் ஓடும் குழிக்குள் டார்ச்சோடு இறங்கச் சொன்னால் குஷியாக இறங்குவார். வெயிலில் நின்று கையெழுத்துப் போடச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். மாதத்தில் ஒன்பது பத்து நாள் ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, வாசனை ஆகாது, சத்தம் அறவே ஆகாது. லீவுக்குச் சாக்குச் சொல்கிறார் என்று நானே வாய் கூசாமல் பேசியிருக்கிறேன்.

மனைவி இருந்தவரை அந்த வலிக்குத் தகுந்தபடி வீட்டை நடத்தினார். காலிங்பெல்லைக் கழற்றிப் போட்டார். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைப்பார். ஒரே மகள் உதட்டை மட்டும் அசைத்துப் பாடம் படித்தே பள்ளியை முடித்தாள். மனைவி இறந்து நாலு வருடம். மகள் கல்யாணமாகி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள்.

போன வருடம் ஒரு டாக்டரம்மா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துவிட்டு, மெக்னீசியமும் பி-டூ வைட்டமினும் எழுதிக்கொடுத்தார்.

"எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. மூணு மாசம் விடாம சாப்பிட்டுப் பாருங்க. வலி வர்ற நாளைக் குறிச்சு வைங்க."

முதல் வாரம் வயிறு போட்டுப் படுத்தியது. அடுத்த வாரம் போன் வந்தது. "தம்பி, மஞ்சக்காமாலை வந்துட்டுது. ஒண்ணுக்கு பளீர்னு மஞ்சளா போகுது!" மருந்துக்கடையில் விசாரித்து, அது வைட்டமினின் நிறம் என்றேன். "அப்ப உள்ள தங்குறது ஒண்ணுமே இல்லையா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

ஆனால் தங்கியது. நோட்டில் முதல் மாதம் ஒன்பது பெருக்கல் குறி. அடுத்த மாதம் ஏழு. நாலாம் மாதம் இரண்டே இரண்டு. அந்த நோட்டைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. மாத்திரைதானா, வேறு எதுவுமா, யார் கண்டது? மனிதர் வெயிலில் நின்று டீ குடித்தார்.

வலி போனதும்தான் தன் வீடு அவர் கண்ணில் பட்டது. திரைகளைக் கழற்றினார், ரேடியோ வாங்கினார். அப்படியும் வேலை முடிந்து போக மனசில்லாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நிற்பார்.

"வலி இருந்தப்ப தனியா இருக்கேன்னே தெரியல தம்பி. இப்ப தாங்க முடியல. பொண்ணு வீட்டோட போயிடலாம்னு பாக்கறேன். இனிமே யாருக்கும் தொந்தரவு இல்லையே."

பேத்தியின் ஆறாவது பிறந்தநாளன்று கேட்டுவிடுவது என்று கிளம்பினார். தைரியத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். பரிசு, ஒரு குட்டி டிரம். பஸ்ஸில் ஒருமுறை தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. உள்ளே திரைகள் இழுத்து மூடியிருந்தன. டிவி இல்லை, பிள்ளைகள் இல்லை.

"வாங்கப்பா," என்று மகள் கிசுகிசுத்தாள். "பிள்ளைங்கள மாடிவீட்டுக்கு அனுப்பிட்டேன். கேக்கையும் அங்கயே வெட்டிக்குவாங்க. நீங்க உள்ள படுங்க."

மேலே கைதட்டலும் சிரிப்பும் கேட்டன.

"எனக்கு இப்ப ஒண்ணும் இல்லம்மா. போன்லயே சொன்னேனே."

"இருக்கட்டும்பா. இன்னைக்குன்னு பாத்து வலி வந்துட்டா?"

டிரம்மை வாங்கி, சத்தம் வராமல் ஒரு துண்டில் சுற்றி, அலமாரிக்குள் வைத்தாள். அதில் துளி வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் நானே சண்டை பிடித்திருப்பேன். அத்தனையும் பாசம், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அண்ணன் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. நோட்டை எடுத்து நீட்டினார். அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். "ரொம்ப நல்லதுப்பா," என்றாள், அதே காற்றுக் குரலில்.

"ஒரே ஒரு தடவ என்கிட்ட சத்தமா பேசும்மா. திட்டு. என்ன வேணா சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். தொண்டையைச் செருமினாள். மறுபடி முயன்றாள். கண் கலங்கிவிட்டது.

"வரலப்பா," என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.