ஐந்து மணி பஸ்

ஆத்தூர்ப் பக்கம் மல்லிகை பயிரிட்ட பேச்சாயியின் ஊருக்கு 1959இல் ஒரே பஸ்தான். அது காலை எட்டு மணிக்கு வரும். திண்டுக்கல் சந்தை சேர்வதற்குள் பூ வாடிவிடும். அதனால் பலர் விடியுமுன்னே கூடை சுமந்து சின்னாளபட்டிக்கு நடந்து, வேறு பஸ் பிடித்தார்கள்.

ஐந்து மணிக்கு பஸ் விடச் சொல்லிக் கேட்டாள் பேச்சாயி.

"அம்புட்டுக் காலையில யாரும்மா ஏறப்போறா?" என்று சிரித்தார் பஸ் முதலாளி.

அவளுக்கு எழுதத் தெரியாது. ஒரு மாதம், நடந்துபோன ஒவ்வொருவருக்கும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, அதை அவர் மேசைமேல் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்கய்யா. இம்புட்டுப் பேரும் ஏறுவோம்."

பாதி எண்ணியதுமே அவர், பஸ் நேரத்தை மாற்ற சர்க்காருக்கு மனு எழுதும்படி தன் குமாஸ்தாவிடம் சொன்னார்.

தை பிறந்ததும் ஐந்து மணிக்கு பஸ் வந்தது. முதல் நாளே நிற்க இடமில்லை. முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த பேச்சாயியிடம், "போகலாமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிரைவர் வண்டியை எடுத்தார்.