இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என் வலது கட்டைவிரலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. காலையில் நான் எழுந்தாலும் அது எழாது. தலை வாருவதும் இடது கையால்தான்.

ஆயர் குரோ பக்கம் ஒரு ஃபேக்டரியில் அப்போது வேலை. கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைச் செய்கிற இடம். செய்து முடித்த ஒவ்வொன்றையும் சோதிப்பது எங்கள் வரிசையின் பொறுப்பு. பட்டையான ஒரு கேபிளின் முனையை டிஸ்க்கின் ஊசி வரிசையில் பொருத்திக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சோதனை முடிந்ததும் பிடுங்கி, அடுத்ததில் அழுத்த வேண்டும். வருடக்கணக்கில் இதைத்தான் செய்தேன். கிளினிக்கில் காட்டினால் ஒரு தைலமும், லீவு எடுக்க எம்.சி. என்கிற மருத்துவச் சீட்டும் கொடுப்பார்கள். அடிக்கடி எம்.சி. எடுக்கிறவளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? தைலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். செலண்டாரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ் முழுக்க அந்தத் தைல வாசனைதான்.

எனக்குப் பக்கத்து இடம் அக்காவுடையது. கூடப் பிறந்தவர் இல்லை, பெம்பானிலிருந்து வருகிறவர், என்னைவிட மூத்தவர். வரிசையிலேயே வேகமான கை அவருக்குத்தான். நான் ஒன்றை முடிப்பதற்குள் இரண்டாவதைப் பிடுங்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"ரொம்ப வலிக்குதா? டாக்டர்கிட்ட ஒழுங்கா சொல்லு லா. வாய தொறக்காம தைலம் மட்டும் வாங்கிட்டு வர்ற."

அந்தச் சமயத்தில்தான் புது இயந்திரம் வந்தது. அதற்குக் கேபிளே வேண்டாம். டிஸ்க்கைத் தட்டில் வைத்தால் போதும். மின்சாரம் தட்டிலிருக்கும் பித்தளை முனைகள் வழியாகப் போகும்; தகவல் மட்டும் டிஸ்க்குக்கும் இயந்திரத்துக்கும் நடுவே வெளிச்சமாகப் போய் வரும். டிவி ரிமோட் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்று பினாங்கிலிருந்து வந்த சீன இஞ்சினியர் மலாயில் விளக்கினார். கேபிள் முனைகள் சீக்கிரம் தேய்ந்துபோகின்றனவாம், அதனால்தான் இந்த ஏற்பாடாம். கேபிள் தேய்வதைப் பார்த்த மகராசன்களுக்கு எங்கள் விரல் தேய்வது தெரியவில்லை. போகட்டும், நெல்லுக்குப் பாய்கிற தண்ணீர் புல்லுக்கும் பாயட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த இயந்திரத்தில் ஓர் இடம் கிடைத்தால் கை பிழைத்துவிடும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் ஆயுத பூசை. அக்கா வருடா வருடம் ஒரு சின்ன டப்பாவில் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து, எங்கள் சோதனை இயந்திரங்களின் மேல்தகட்டில் பொட்டு வைப்பார். சூப்பர்வைசர் மலாய்க்காரர். பார்த்தும் பார்க்காததுபோல் அந்தப் பக்கம் நடந்துவிடுவார். இம்முறை அக்கா புது இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்.

"இதுக்கு நெத்தி எங்க இருக்கு?"

முன்பக்கம் நடுவில், தட்டைப் பார்த்தபடி வட்டமாக ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது, ஐம்பது காசு அளவுக்கு. அதன்மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தார்.

"உன் கைக்குத்தான் வேண்டிக்கிட்டேன்," என்றார்.

மறுநாள் காலை மேனேஜர் முன்னால் சோதனை ஓட்டம். முதல் டிஸ்க்குக்குச் சிவப்பு விளக்கு. அடுத்ததற்கும் சிவப்பு. நல்லது என்று தெரிந்த டிஸ்க்கை வைத்தாலும் சிவப்புதான். இஞ்சினியர் பின்பக்கத்தைக் கழற்றினார், பலகைகளை மாற்றினார், தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டினார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் இடத்தில் அழுத்திப் பிடுங்கிக்கொண்டே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனக்குச் சாகும்வரை கேபிள்தான் கதி என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சினியர் அக்காவிடம் வந்தார். பேசத் தயங்கினார். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், மலாயில்.

"காக், அந்தப் பொட்டத் தொடைக்கலாமா?" என்று மலாயில் கேட்டார். "காலையிலயே பாத்தேன். உங்க சாமி விஷயம், நான் தொடலாமான்னு தெரியல."

மனிதர் மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்க வந்திருக்கிறார். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"அலாமா, அது வழியாத்தான் வெளிச்சம் வருமா? நான் நெத்தின்னு நெனச்சேன்."

கைக்குட்டையை நனைத்து அவரே துடைத்தார். அடுத்த டிஸ்க்குக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்ததற்கும் பச்சை. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். இஞ்சினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் புது இயந்திரத்துக்கு ஆள் எடுத்தார். ஒரே ஆள் போதுமாம். அக்காவைக் கூப்பிட்டார்.

நான் மேலிடத்தில் எதையும் கேட்டுப் பழகாதவள். அன்று சூப்பர்வைசரிடமே போய்க் கேட்டேன்.

"எஞ்சே, என்னப் போடுங்க."

"நீ ஸ்லோ லா."

"வெரல் வலியாலதான் ஸ்லோ. அந்த மெஷினுக்கு வெரலே வேண்டாமே."

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

"புது மெஷின். நம்பர் நல்லா வரணும். நல்ல கையாப் பாத்துப் போடச் சொல்லியிருக்காங்க," என்றார்.

அக்காவும் போய்ச் சொன்னார், "அவளப் போடுங்க, நான் கேபிள்லயே இருந்துக்குறேன்." நடக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அக்கா புது இயந்திரத்தில் டிஸ்க்கை வைத்துவிட்டு, பச்சை விளக்கு எரியும்வரை இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் பக்கம் திரும்பவே மாட்டார். அவர் எழுந்துபோன இடம் காலியாகக் கிடந்தது. அங்கே புது ஆள் போடவில்லை. பக்கத்திலிருப்பவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அக்காவின் கேபிளையும் என் மேசைக்கே இழுத்து வைத்தார்கள். அன்றிலிருந்து இடது கட்டைவிரலாலும் அழுத்தப் பழகினேன்.