சமையலறையில் ஏரி வாடை

மழை பிடித்தால், எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும், எங்கள் சமையலறைச் சுவரில் கோரைப்புல்லும் சேறும் கலந்த வாடை வீசும். இன்றும் வீசியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருத்தணி மலைக்குக் கீழே இந்த மனைகளெல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்த நாளில், மதகு இரைச்சல் காதை அடைக்க, எருமைகள் மூக்கை மட்டும் நீட்டி மிதக்க, விரலிடுக்கில் சேறு பிதுங்க இறங்கி, கால் எட்டாத இடம் வந்ததும் எருமை வாலைப் பிடித்துக்கொண்டு நான் அலைந்ததெல்லாம் உள்ளே புரண்டது.

“மறுபடி பெயிண்ட் அடிக்கணும்மா.”

வெள்ளம் உள்ளே வந்துவிடுமென்று அரிசி மூட்டையை ஸ்டூல்மேல் ஏற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. “அடிச்சிகினே இரு. நீ எரும வாலப் புடிச்சிகினு நீந்துனது இங்கதான். ஆளு முங்குற ஆழம்.”

ஸ்டூல் என் முழங்கால் உயரம்தான் இருந்தது. மூட்டையை வாங்கிப் பரணில் ஏற்றினேன்.